கறுப்பு டுக்கோவுக்கு அடியில் ஒரு சன்பர்ஸ்ட்

பழைய கிட்டாரைப் புதுப்பிக்கப் போகிறேன் என்றதும் பலரும் கேட்ட முதல் கேள்வி, என்ன நிறம் அடிக்கப் போகிறாய் என்பதுதான். என் சித்தப்பாவின் பேஸ் கிட்டாருக்கு நான் நிறம் எதையும் அடிக்கவில்லை. வேறொருவர் அடித்திருந்ததை எடுத்ததோடு சரி. எதை எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது என்பதைத் தீர்மானிப்பதில்தான் பெரும்பகுதி நேரம் போயிற்று.

சித்தப்பா மும்பையின் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தமிழ் மெல்லிசைக் குழுக்களில் வாசித்தவர். கப்பலில் வேலை பார்த்த நண்பர் ஒருவர் மூலம் ஃபெண்டர் நிறுவனத்தின் பிரிசிஷன் பேஸ் என்னும் ரகக் கிட்டார் ஒன்று அவர் கைக்கு வந்தது. மேடையில் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று 1980களில் அதை ஒரு கார் பெயிண்டரிடம் கொடுத்துக் டுக்கோ என்னும் கார் பெயிண்டைக் கறுப்பில் அடித்து வாங்கியிருக்கிறார். பல ஆண்டுகள் பரணில் கிடந்த அதைச் சித்தி என்னிடம் கொடுத்தபோது, கறுப்பு உதிர்ந்த இடங்களில் மஞ்சளும் செம்பழுப்பும் எட்டிப் பார்த்தன.

முதலில் அதன் வயது தெரிய வேண்டியிருந்தது. ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்களுக்கு அடியில் உள்ள பொட்டென்ஷியோமீட்டர் என்னும் மின்பாகத்தின் முதுகில் ஓர் எண் பொறித்திருக்கும். அது 137 என்று தொடங்கினால் சி.டி.எஸ். நிறுவனத்தின் தயாரிப்பு, அடுத்து வரும் இரண்டு இலக்கங்கள் ஆண்டையும் கடைசி இரண்டு வாரத்தையும் குறிக்கும். இதில் 76 என்றிருந்ததால், கருவி 1976க்கு முற்பட்டதாக இருக்க வழியில்லை. இது வெறும் ஆர்வத்துக்காகப் பார்த்ததன்று. 1960களின் இறுதியில் ஃபெண்டர் நைட்ரோ செல்லுலோஸ் லாக்கரிலிருந்து மெல்ல விலகித் தடிமனான பாலியஸ்டர் பூச்சுக்குச் சென்றது. ஆகவே கறுப்புக்கு அடியில் இருப்பது பாலியஸ்டராக இருக்க வேண்டும் என்று கணிக்க முடிந்தது.

டுக்கோ என்பது டூபாண்ட் நிறுவனம் 1920களில் கார்களுக்காகக் கொண்டுவந்த நைட்ரோ செல்லுலோஸ் லாக்கரின் பெயர். அது கரைப்பான் ஆவியாவதால் மட்டுமே காய்கிறது என்பதால், எத்தனை ஆண்டு கழித்துத் தின்னர் பட்டாலும் மீண்டும் கரைந்துவிடும். பாலியஸ்டரோ வேதிவினையால் இறுகுவது. இறுகியபின் தின்னருக்கு அசையாது. கம்பிகளின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் பிக்கப்புக்கு அடியில், கண்ணில் படாத ஓரிடத்தில் துணியால் துடைத்துச் சோதித்தேன். கறுப்பு நிறம் துணியோடு வந்தது, கீழே இருந்த நிறம் நகரவே இல்லை.

அதே தின்னர் தலைப்பகுதியில் பட்டால் கதை வேறு. உடல் முழுக்கப் பாலியஸ்டருக்கு மாறிய பின்னும், தலைப்பகுதியின் முகப்பில் மட்டும் நிறுவனப் பெயர் பொறித்த ஒட்டுப்படத்தைக் காப்பதற்காக நைட்ரோ பூச்சையே நெடுநாள் தொடர்ந்தார்கள். அந்தக் காலத்துக் கிட்டார்களில் கழுத்தைக் காட்டிலும் தலை அதிகமாகப் பழுத்து மஞ்சளாக இருப்பதற்கு இதுதான் காரணம். எனவே கழுத்தை நான்கு திருகுகளையும் கழற்றி வேறு அறைக்கே கொண்டுபோய் வைத்துவிட்டு, உடலை மட்டும் சன்னலோரம் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்தேன்.

கறுப்பு நீங்கியதும், நடுவில் மஞ்சளாகத் தொடங்கி விளிம்பை நோக்கி அடர்ந்து செல்லும் மூன்று நிற சன்பர்ஸ்ட் பூச்சு ஏறக்குறைய முழுதாகவே கிடைத்தது. ஆனால் முழங்கை படியும் இடத்தில், பெயிண்ட் பிடிக்கட்டும் என்று அந்தப் பெயிண்டர் உப்புத்தாளால் மரம் தெரியுமளவு தேய்த்திருந்தார். தாராவியில் பாலிஷ் வேலை செய்யும் திருநெல்வேலிக்காரர் ஒருவரிடம் காட்டினேன். "மொத்தத்தையும் சுரண்டிட்டு மெலமைன் அடிச்சுத் தாரேன் தம்பி, புதுசு மாதிரி ஆயிரும்" என்றார். மெலமைன் என்பது மரத்துக்கு அடிக்கும் ஒரு கடினமான பூச்சு. புதுசு மாதிரி ஆகிவிடும் என்பதே என் தயக்கம். மூலப் பூச்சு போய்விட்டால் விலை சரியும் என்பார்கள். விற்கும் எண்ணமே இல்லாதவனுக்கு அது பெரிய வாதமில்லை. சித்தப்பாவின் கை பட்ட பரப்பு போய்விடும் என்பதுதான் என்னைத் தடுத்தது.

தேய்ந்த இடத்தில் மட்டும் அரக்குப் பாலிஷ் போடலாம் என்று இருவரும் முடிவுக்கு வந்தோம். அரக்கு ஏறக்குறைய எதன்மீதும் ஒட்டும். வேண்டாமென்றால் ஸ்பிரிட்டால் துடைத்தும் எடுத்துவிடலாம். "ஆடி மாசத்துல போட்டா பூத்துரும், கார்த்திகை தாண்டட்டும் அண்ணே" என்று, அதுவரை என்னைத் தம்பி என்று அழைத்தவர், ஏனோ மரியாதையைக் கூட்டிச் சொன்னார். ஸ்பிரிட் விரைவாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, மும்பை மழைக்காலக் காற்றின் ஈரம் அதில் படிந்து பூச்சு வெளுத்துப்போவதைத்தான் அவர் பூத்தல் என்கிறார். குளிர்காலம் வரை காத்திருந்து போட்ட அரக்கு தெளிவாகவே அமைந்தது.

இந்தக் கருவியில், கழுத்தின் வளைவைச் சரிசெய்யும் உலோகக் கம்பியான டிரஸ் ராடின் திருகு கழுத்தின் அடிப்பகுதியில் இருப்பதால், கழுத்து கழன்றிருக்கும்போதே அதைக் கால் சுற்று இறுக்கிப் பொருத்தினேன். கடற்காற்றில் துருப்பிடித்து நகராமல் போயிருந்த, உடலில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜின் திருகுகளைத்தான் புதிதாக மாற்ற வேண்டியிருந்தது. பிக்கப்பும் பொட்டென்ஷியோமீட்டர்களும் பழையவையே. உள்ளே தூசு எடுத்ததும் கரகரப்பு நின்றுவிட்டது.