எஃப்104 இடப்பக்க வளைவில் மட்டும் சுழன்றுவிடுகிறது: உதவி தேவை

மூன்றாம்வளைவு (கோவை):
அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது டாமியா எஃப்104, ஃபார்முலா 1 வடிவில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள ரிமோட் கார். கிட்டோடு வந்த 540 பிரஷ் மோட்டாரிலும் நிக்கல் பேட்டரியிலும் ஓடியவரை அருமையாக ஓடியது. வேகம் போதவில்லை என்று 21.5 டர்ன் (சுருளின் சுற்று எண்ணிக்கை; குறைந்தால் வேகம் கூடும்) சென்சார் பிரஷ்லெஸ் மோட்டாரும், அதற்கேற்ற ஈ.எஸ்.சி.யும் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி), 2எஸ் ஷார்ட்டி லிப்போவும் (இரண்டு செல் கொண்ட குட்டை லித்தியம் பேட்டரி) மாற்றினேன். அன்றிலிருந்து தொல்லை.

இடப்பக்கம் திரும்பி, வளைவை விட்டு வெளியே வரும்போது ஆக்சிலரேட்டரைத் தொட்டால் போதும், பின்பக்கம் வீசிக்கொண்டு கார் சுழன்றுவிடுகிறது. வலப்பக்க வளைவில் அப்படி இல்லை. சொல்லப்போனால் முன்சக்கரம் சற்றுச் சோம்பலாகி, கார் அகலமாகப் போகிறது. நேர்பாதையில் முழு வேகம் கொடுத்தால் இடப்பக்கம் இழுக்கிறது. கையை எடுத்துவிட்டு உருள விட்டால் நேராகத்தான் போகிறது.

ஓட்டும் இடம் எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் உள்ள தார்த் தளம். பின் டயர் இரண்டும் புதிது. டிஃப்பை (பின்சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரென்ஷியல்) இறுக்கிப் பார்த்தேன், தளர்த்திப் பார்த்தேன். பின் விங்கின் கோணத்தைக் கூட்டினேன். எதிலும் பெரிய மாற்றம் இல்லை. மோட்டாருக்குச் சக்தி கூடிவிட்டதுதான் காரணமா? இதற்கு மேல் பிடிமானம் வேண்டுமானால் எந்த டயர் வாங்குவது?

நேர்கோடு:
பின்சக்கரத்தில் மட்டும் இயங்கும் காரில் பிரஷ்லெஸ் போட்டால் இப்படித்தான் ஆகும் நண்பரே. சின்ன கைரோ ஒன்று வாங்கி ரிசீவருக்கும் ஸ்டீயரிங்கைத் திருப்பும் சர்வோவுக்கும் நடுவில் மாட்டுங்கள். பின்பக்கம் வீச ஆரம்பித்ததுமே அது எதிர்ப்பக்கம் ஸ்டீயரிங்கைத் திருப்பிக் காரை நிமிர்த்திவிடும். ஈ.எஸ்.சி.யில் பஞ்ச் (ஆக்சிலரேட்டரைத் தொட்டதும் சக்தி பாயும் வேகம்) அளவையும் குறைத்துவிடுங்கள். நான் அப்படித்தான் ஓட்டுகிறேன், நிம்மதியாக இருக்கிறது.

லேத்பட்டறை:
பஞ்ச் அளவைக் குறைப்பது சரிதான். கைரோவை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். நாளைக்கே பந்தயம் ஓட்ட ஆசை வந்தால், இந்த வகைப் பந்தயங்களின் விதிகள் பொதுவாக அதை அனுமதிப்பதில்லை. அதைவிட முக்கியம், கார் உங்களிடம் தெளிவாக ஒரு விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. கைரோ அதன் வாயை அடைத்துவிடும்.

கோளாறு ஒரு பக்கம் மட்டும் வருகிறது என்பதைக் கவனியுங்கள். 21.5 டர்ன் மோட்டார் ஒன்றும் அசுர மோட்டார் இல்லை. உலகெங்கும் எஃப்1 வகைப் பந்தயங்களில் சாதாரணமாகப் பயன்படுவது. சக்தி மிஞ்சியிருந்தால் இரண்டு பக்கமும் சுழல வேண்டும். டயர் போதவில்லை என்றாலும் அப்படியே. வலம் சோம்பல், இடம் சுழற்சி, முழு வேகத்தில் இடப்பக்க இழுப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால் அது சேசிஸ் முறுக்கம். ட்வீக் என்பார்களே, அதுதான்.

உங்கள் காரில் பின்சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன் கிடையாது. மோட்டாரும் அச்சும் டிஃப்பும் ஒரே கூட்டில் இருக்கின்றன. அந்தக் கூட்டை முன் தகட்டோடு இணைப்பது டி-பார் என்ற மெல்லிய தகடு ஒன்றுதான். அது வளைந்தால் கூடு மேலும் கீழும் ஆடும். முறுகினால் இடம் வலமாகச் சாயும். ஓய்வு நிலையிலேயே அந்தக் கூடு ஒரு பக்கமாகச் சாய்க்கப்பட்டிருந்தால் நான்கு சக்கரங்களுக்கும் எடை சமமாகப் போகாது. நாற்காலியில் ஒரு கால் குட்டையானால் அதற்கு நேரெதிர் மூலையிலுள்ள காலும் சேர்ந்து இலேசாகிவிடுமே, அதே கதை. உங்கள் அறிகுறிகளைப் பார்த்தால் முன் வலமும் பின் இடமும் இலேசாகவும், முன் இடமும் பின் வலமும் கனமாகவும் இருக்க வேண்டும். இடப்பக்கம் திரும்பும்போது எடை எப்படியும் வலப்பக்கச் சக்கரங்களுக்குப் போகிறது. ஏற்கெனவே இலேசாக இருக்கும் பின் இடச் சக்கரம் அப்போது ஏறக்குறைய அந்தரத்தில். பாரம் முழுவதும் பின் வலத்தின் மேல். பின்பக்கப் பிடி விட்டுப்போகாமல் என்ன செய்யும்?

வீட்டில் மேஜைக் கண்ணாடி இருக்கிறதா? அதன் மேல் பேட்டரியோடு, ஓடத் தயாரான நிலையில் காரை வையுங்கள். மேலிருந்து இரண்டு மூன்று முறை இலேசாக அழுத்தி விடுங்கள். சஸ்பென்ஷன் தன் இடத்தில் அமரட்டும். முன்பக்கம் சரியாக நடுவில், தகட்டுக்கு அடியில் கத்தி முனையை வைத்து மெதுவாக உயர்த்துங்கள். எந்த முன்சக்கரம் முதலில் கண்ணாடியை விட்டு எழுகிறது? என் கணிப்பு சரியானால் வலது சக்கரம்தான் எழும்.

பிட்லேன்:
அந்தச் சோதனைக்கு முன் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய ஆறு செல் நிக்கல் பேக்கோடு ஒப்பிட்டால் ஷார்ட்டி லிப்போ கிட்டத்தட்டப் பாதி எடைதான். பேட்டரி நடுக்கோட்டிலிருந்து விலகியிருந்தாலோ, ஈ.எஸ்.சி. ஒரு ஓரமாக ஒட்டப்பட்டிருந்தாலோ இடவல எடை மாறும். சேசிஸின் நடுக்கோட்டில் முன்னும் பின்னும் இரண்டு கூர்முனைகளின் மேல் காரைத் தூக்கி நிறுத்துங்கள். ஒரு பக்கம் சாய்ந்தால் பேட்டரியை நகர்த்தியோ ஈயத் துண்டு ஒட்டியோ சமன் செய்யுங்கள். எடையைச் சமன் செய்யாமல் முறுக்கத்தை அளந்தால் எதை அளக்கிறோம் என்றே தெரியாது.

மூன்றாம்வளைவு (கோவை):
இருவருக்கும் மிக்க நன்றி. முதலில் எடையைப் பார்த்தேன். மிகச் சிறிய சாய்வுதான். ரிசீவரை இடம் மாற்றியதும் கார் கூர்முனைகளின் மேல் அசையாமல் நின்றது.

பிறகு கண்ணாடிச் சோதனை. நீங்கள் சொன்னபடியே வலது முன்சக்கரம் முதலில் எழுகிறது. அதுவும் கொஞ்சநஞ்சம் இல்லை. வலது டயருக்கு அடியில் ஒரு விசிட்டிங் கார்டு தாராளமாக நுழைகிறது, அப்போதும் இடது டயர் கண்ணாடியை விடவில்லை. டி-பார் வளைந்துவிட்டதா? புதிதாக வாங்க வேண்டுமா?

லேத்பட்டறை:
அவசரப்படாதீர்கள். டி-பார் வளைந்திருக்கலாம், அதைப் பிடித்திருக்கும் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) திருகுகள் இரண்டும் சமமாக இறுக்கப்படாமல் இருக்கலாம். திருகுகளை இப்போதே சரிபார்த்துவிடுங்கள். இரண்டையும் தளர்த்தி, ரப்பரைத் தொட்டவுடன் நிறுத்தி, அங்கிருந்து இரண்டுக்கும் ஒரே அளவு திருப்பம் கொடுங்கள்.

ஆனால் எனக்கு வேறொரு சந்தேகம். கோளாறு மோட்டார் மாற்றிய அன்று தொடங்கியது என்கிறீர்கள். பழைய மோட்டாருக்கு இரண்டே வயர். இப்போது மூன்று தடித்த வயர்களும் ஒரு சென்சார் வயரும் போகின்றன. ஈ.எஸ்.சி. முன் தகட்டில் அசையாமல் இருக்கிறது. மோட்டாரோ ஆட வேண்டிய கூட்டில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் அந்த வயர்கள் எப்படிப் போகின்றன? எத்தனை கேஜ் (எண் கூடினால் வயர் மெல்லியது)? மோட்டாருக்கு அருகில் எங்காவது டை போட்டுக் கட்டியிருக்கிறீர்களா?

முன் தகட்டை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மறு கையின் ஒரே விரலால் மோட்டார் கூட்டை இடப்பக்கம் சாய்த்து விடுங்கள். பிறகு வலப்பக்கம் சாய்த்து விடுங்கள். இரண்டு முறையும் அதுவாகவே திரும்பி ஒரே இடத்தில் வந்து நிற்க வேண்டும்.

மூன்றாம்வளைவு (கோவை):
நிற்கவில்லை. இடப்பக்கம் சாய்த்து விட்டால் துள்ளித் திரும்புகிறது. வலப்பக்கம் சாய்த்து விட்டால் பாதி தூரம் வந்து அங்கேயே தங்கிவிடுகிறது.

வயர் 12 கேஜ். ஈ.எஸ்.சி.யிலிருந்து நேராக, இறுக்கமாக மோட்டாருக்குப் போகிறது. பார்வைக்கு ஒழுங்காக இருக்கட்டும் என்று மூன்றையும் சேர்த்து டி-பாருக்குப் பக்கத்தில் ஒரு டை போட்டிருந்தேன். டையை வெட்டினேன், வயர்கள் மூன்றும் ஸ்பிரிங் போல எம்பின. பிறகு மோட்டாரின் மூன்று சாலிடரையும் எடுத்து, சென்சார் வயரையும் கழற்றி, வயர்கள் கூட்டைத் தொடாதபடி வைத்துவிட்டு மறுபடி கத்தி முனை சோதனை செய்தேன். இரண்டு முன்சக்கரங்களும் ஒன்றாக எழுந்தன! டி-பாரில் குற்றமே இல்லை.

லேத்பட்டறை:
அருமை. வயரைக் கழற்றிச் சோதித்தீர்கள் பாருங்கள், அதற்கு மேல் ஆதாரம் வேண்டியதில்லை. வயர்கள் கூட்டை வலப்பக்கம் கீழே அழுத்திக்கொண்டிருந்தன. அந்த அழுத்தம் பின் வலச் சக்கரத்துக்குப் போனது. அதன் எதிர்விசை முன் தகட்டின் வலப்பக்கத்தைத் தூக்கியது.

இனி இப்படிச் செய்யுங்கள். 21.5 டர்ன் மோட்டாருக்கு 12 கேஜ் அவசியமில்லை, மென்மையான சிலிக்கான் உறையுள்ள 16 கேஜ் போதும். ஈ.எஸ்.சி.யிலிருந்து மேலே எழும்பி, அரைவட்டமாக வளைந்து மோட்டாரில் இறங்கட்டும். கூடு எவ்வளவு ஆடினாலும் வயர் இழுபடாத அளவுக்கு நீளம் விடுங்கள். அதற்காக பாடிக்குள் முட்டுமளவுக்கு விடாதீர்கள். ஒவ்வொரு வயரும் தனித்தனியாக ஆடட்டும், சேர்த்துக் கட்ட வேண்டாம். சாலிடர் செய்யும்போது கூட்டை அதன் இயல்பான நடு நிலையில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். சென்சார் வயர் மெல்லியதுதான் என்று விட்டுவிடாதீர்கள், அதற்கும் ஒரு தளர்வான வளையம் வேண்டும்.

பேட்டரி டேப், டேம்ப்பர் (கூட்டின் ஆட்டத்தை அடக்கும் பாகம்), பாடி மவுண்ட் ஆகியவையும் இதே குறும்பைச் செய்யக்கூடியவை. எல்லாம் மாட்டிய பிறகு கடைசியாக ஒரு முறை கண்ணாடியில் பாருங்கள்.

நேர்கோடு:
என் காரையும் இப்போதுதான் கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். இடது முன்சக்கரம் முதலில் எழுகிறது! கைரோ இதைத்தான் இத்தனை நாள் தாங்கிக்கொண்டிருந்ததா?

லேத்பட்டறை:
ஆம். உங்கள் காரில் முறுக்கம் எதிர்ப்பக்கம். கைரோவைக் கழற்றி ஓட்டினால் வலப்பக்க வளைவில் சுழல வேண்டும். அதே வரிசையில் பாருங்கள்: எடை, ஓ-ரிங் திருகு, வயர்.

மூன்றாம்வளைவு (கோவை):
16 கேஜ் வயர் போட்டு, மேல் வளையம் விட்டு, இன்று ஓட்டிவிட்டேன். இரண்டு பக்கமும் ஒரே மாதிரித் திரும்புகிறது. முழு வேகத்தில் நூல் பிடித்தாற்போல் நேராகப் போகிறது. பழைய டிஃப் இறுக்கத்துக்கே திரும்பிவிட்டேன்.

இன்னும் இரண்டு கேள்விகள். காலையில் தளம் குளிர்ந்திருக்கும்போது பின்பக்கம் சற்றே வழுக்குகிறது, இரு பக்கமும் சமமாக. வெயில் ஏறியதும் சரியாகிவிடுகிறது. இது இயல்புதானா? அடுத்து, 5 நிமிடம் ஓட்டியதும் மோட்டார் 85 டிகிரி காட்டுகிறது. மாற்றிப் போட்ட ஸ்பர் (பின் அச்சிலுள்ள பெரிய கியர்) 88 பல், பினியன் (மோட்டாரிலுள்ள சிறிய கியர்) 30 பல், பின் டயர் விட்டம் 61 மி.மீ.

ஒரு ஆசையும் உண்டு. பாடிக்கு 2005இல் நரேன் கார்த்திகேயன் ஓட்டிய ஜோர்டானின் மஞ்சள் அடிக்க வேண்டும். எங்கள் ஊர்க்காரர், ஃபார்முலா 1இல் ஓட்டிய முதல் இந்தியர். தெளிந்த பாலிகார்பனேட் பாடிக்கு மஞ்சள் எப்படி அடிப்பது?

பிட்லேன்:
நல்ல தேர்வு, அளவும் பொருந்துகிறது. 1998 முதல் 2016 வரை ஃபார்முலா 1 கார்களின் அகலம் 1800 மி.மீ.; எஃப்104இன் அகலம் 180 மி.மீ. ஆகவே அந்த ஜோர்டானின் அகலத்தில் சரியாகப் பத்தில் ஒரு பங்கு உங்கள் சேசிஸ்.

பாலிகார்பனேட்டுக்கு உட்புறமாகத்தான் பெயிண்ட் அடிக்க வேண்டும், அதனால் வரிசை தலைகீழ். முதலில் உள்ளே பாத்திரம் கழுவும் சோப்பு நீரால் கழுவிக் காயவிடுங்கள். கறுப்புப் பகுதிகளை டேப்பால் பிரித்து, கறுப்பை முதலில் அடியுங்கள். அது காய்ந்ததும் மஞ்சள், டாமியா பி.எஸ்.-6 போதும். ஒரே அடியில் மூட நினைக்காமல் மெல்லிய பூச்சாகப் பல முறை அடியுங்கள். மஞ்சள் ஒளி ஊடுருவும் நிறம். அப்படியே விட்டால் வெளியிலிருந்து பேட்டரியும் வயரும் மங்கலாகத் தெரியும். ஆகவே அதன் பின்னால் வெள்ளை, பி.எஸ்.-1, கட்டாயம். வெளிப்புறப் பாதுகாப்பு ஃபிலிமை எல்லாம் காய்ந்த பிறகு உரியுங்கள். சாதாரண ஸ்பிரே பெயிண்ட் வேண்டாம், முதல் மோதலிலேயே செதில் செதிலாக உதிரும்.

லேத்பட்டறை:
காலை வழுக்கல் இயல்புதான். ரப்பர் டயர் சூடேறினால்தான் பிடிக்கும். முதலிரண்டு சுற்று மெதுவாக ஓட்டுங்கள், புது டயரின் மேல்பளபளப்பு போகும்வரை உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்துக்கொள்ளுங்கள். அதற்காக செட்டப்பை மாற்ற வேண்டாம்.

மோட்டார் சூடு அதிகம், அதைக் குறைத்தே ஆக வேண்டும். இந்தக் காரில் இடையில் வேறு கியர் இல்லாததால் கணக்கு சுலபம். டயர் சுற்றளவைப் பினியன் பல்லால் பெருக்கி ஸ்பர் பல்லால் வகுத்தால், மோட்டார் ஒரு முறை சுற்றினால் கார் எவ்வளவு நகரும் என்று தெரியும். உங்கள் டயரின் சுற்றளவு 191.6 மி.மீ.; 30 பல் பினியனில் 65.3 மி.மீ. வருகிறது. 28 பல் போட்டால் 61 மி.மீ. அதிலிருந்து தொடங்குங்கள். நேர்பாதையின் கடைசியில் வேகம் கொஞ்சம் குறையும், வளைவிலிருந்து எழும் வேகம் கூடும். உங்கள் தளம் சின்னது என்பதால் மொத்தத்தில் லாபம்தான். பினியனை மாற்றும்போது ஸ்பரோடு சேரும் இடைவெளியை மறுபடி பாருங்கள். ஒரு மெல்லிய தாள் நடுவில் நசுங்காமல் போய்வர வேண்டும். 5 நிமிடம் ஓட்டி மறுபடி அளந்து, 70 டிகிரிக்குள் வந்ததா என்று எழுதுங்கள். அதற்கு மேலேயே நின்றால் 27 பல்லுக்கு இறங்குங்கள், ஈ.எஸ்.சி.யில் டைமிங் (மோட்டார் சுருளுக்குச் சற்று முன்கூட்டியே மின்சாரம் கொடுக்கும் அமைப்பு) ஏதாவது கூட்டப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.