‘ஃபாரின் கீ’: அயற்சாவியா, அயற்றிறவுகோலா?

அன்புடையீர்,

தரவுத்தள மேலாண்மைக் கருவியொன்றின் உதவிப் பக்கங்களைத் தமிழாக்கி நாளை மாலைக்குள் ஒப்படைக்க வேண்டும். அட்டவணை உருவாக்கத்தில் எழும் பிழைகளைப் பற்றிய பகுதியில், ‘ஃபாரின் கீ’ (ஓர் அட்டவணையிலிருந்து, பெரும்பாலும் வேறோர் அட்டவணையின் பதிவைச் சுட்டும் நெடுவரிசை) என்ற சொல்லில் வந்து நிற்கிறேன். மரியாடிபி என்ற தரவுத்தள மென்பொருள் 1005 என்ற பிழையெண்ணையும் உடன் 150 என்ற எண்ணையும் காட்டி அட்டவணையை உருவாக்க மறுப்பதற்குப் பலமுறை காரணமாவது இதுதான்: விற்பனை அட்டவணையில் வாடிக்கையாளர் எண்ணை 4 பைட் கொள்ளும் ‘இண்ட்’ என்றும், வாடிக்கையாளர் அட்டவணையில் அதே எண்ணை 8 பைட் கொள்ளும் ‘பிக்இண்ட்’ என்றும் அறிவித்திருப்பார்கள்; இரண்டின் வகையும் ஒத்திராது. இதை விளக்கும் வரியில் ‘அயல் சாவி’ என்று எழுதியுள்ளேன். புணர்த்தி எழுத வேண்டுமா?

*

ஐயா,

புணர்ச்சிக்கு முன் சொல்லைப் பாருங்கள். சாவி போர்த்துக்கீசியத்திலிருந்து வந்த சொல். அயல் என்று அடைகொடுத்து அயற்சொல்லையே அதன்பின் நிறுத்துகிறீர்கள். (விளையாத நெல்லைச் சாவி என்பது வேறு.) திறவுகோல் இருக்கிறது. ‘அயலினது திறவுகோல்’ என ஆறாம் வேற்றுமைத் தொகையாகக் கொண்டால், நன்னூல் விதிப்படி லகரம் றகரமாகித் தகரமும் திரிந்து ‘அயற்றிறவுகோல்’ ஆகும். ‘அயலாகிய திறவுகோல்’ என்று பண்புத்தொகையாகக் கொண்டாலோ அல்வழி, அதாவது வேற்றுமைப் பொருளில் வராத புணர்ச்சி. ‘அயறிறவுகோல்’ என வரும்.

*

வணக்கம்.

அயறிறவுகோல் என்று வகுப்பில் கரும்பலகையில் எழுதினால், அதை எங்கே பிரிப்பது என்று தேடுவதிலேயே மாணவர்களுக்குப் பாடவேளை முடிந்துவிடும். ஆயினும் ஐயா சொன்ன வேற்றுமைத் தொகை பொருளுக்குப் பொருந்துகிறது. அந்த நெடுவரிசையில் இருப்பது அயல் அட்டவணையினது முதன்மைச் சாவியின் (ஒவ்வொரு பதிவையும் தனித்துக் காட்டும் நெடுவரிசையின்) மதிப்புத்தானே. என் தடை ‘அயல்’ என்பதன் மீதே. பணியாளர் அட்டவணையில் உள்ள மேலாளர் எண், அதே அட்டவணையின் பணியாளர் எண்ணைச் சுட்டலாம். அங்கே அயல் எங்கே இருக்கிறது? ‘சுட்டுச் சாவி’ என்போம்.

*

பதிவுகளை விரைந்து தேட உதவும் ‘இண்டெக்ஸ்’ என்பதைச் சுட்டெண் என்று முன்னரே முடிவுசெய்துவிட்டோம். சுட்டெண் இல்லாமையும் இதே 1005 பிழைக்கு ஒரு காரணம். “சுட்டுச் சாவி சுட்டும் நெடுவரிசையில் சுட்டெண் இல்லை” என்ற வரியை, நள்ளிரவில் பிழை தேடிக்கொண்டிருப்பவர் எத்தனை முறை படிக்க வேண்டியிருக்கும்?

*

அனைவருக்கும் நன்றி. வேறு வழியின்றி ‘அயற்சாவி’ என்றே வைத்து ஒப்படைத்துவிட்டேன். பிழையின் விரிவான காரணத்தை இன்னோடிபி (மரியாடிபியின் சேமிப்புப் பொறி) நிலையறிக்கையில் ‘லேட்டஸ்ட் ஃபாரின் கீ எர்ரர்’ என்ற தலைப்பின்கீழ்ப் பயனர் தேட வேண்டியிருக்கலாம் என்பதால், முதலில் வரும் இடத்தில் மட்டும் மூலச்சொல்லையும் சேர்த்துள்ளேன்.

*

ஒப்படைத்துவிட்டீர்கள் என்பதற்காக நான் ஒப்புக்கொண்டதாகாது. தரவு மீறக்கூடாத விதியைக் குறிக்கும் ‘கன்ஸ்ட்ரெயின்ட்’ என்பதற்கு நீங்கள் ‘கட்டுப்பாடு’ என்று எழுதியிருப்பதையும் கண்டேன். அதைப் பற்றித் தனி மடல் வரும்.