எம்82-இன் இரண்டு எக்ஸ்-கதிர் மூலங்களை எப்படிப் பிரிப்பது?

வணக்கம். எக்ஸ்-கதிர் தரவுகளோடு பழகியவர்கள் உதவ வேண்டும். எம்82 விண்மீன் மண்டலம் சுமார் 1.2 கோடி ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. அதன் நடுப்பகுதியில் எக்ஸ்-1, எக்ஸ்-2 என இரண்டு மிகப் பிரகாசமான மூலங்கள். இடைவெளி வெறும் 5 ஆர்க் விநாடிதான் (ஒரு ஆர்க் விநாடி என்பது ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு). ஸ்விஃப்ட் விண்வெளித் தொலைநோக்கியின் படங்களில் இரண்டும் ஒரே புள்ளியாக விழுகின்றன. சந்திரா எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கி பிரித்துக் காட்டும், ஆனால் அடிக்கடி பார்ப்பதில்லை. போதாததற்கு, பிரகாசம் கூடினால் அதில் இரண்டு ஃபோட்டான்கள் (ஒளித்துகள்கள்) ஒன்றாகவே பதிவாகிவிடும்.

எக்ஸ்-2 கருந்துளை அல்ல, 1.37 விநாடிக்கு ஒருமுறை துடிக்கும் நியூட்ரான் விண்மீன் என்று 2014-இல் நூஸ்டார் விண்வெளித் தொலைநோக்கி காட்டியது. அப்போதிருந்து எனக்கு இதன்மேல் தீராத ஆர்வம். ஏறக்குறைய 60 நாளுக்கு ஒருமுறை வரும் பிரகாச ஏற்ற இறக்கத்தை முதலில் எக்ஸ்-1-இன் கணக்கில்தான் எழுதினார்கள். அது எக்ஸ்-2-உடையது என்பது பிறகுதான் தெரிந்தது.

ஸ்விஃப்ட் தரவிலிருந்து நான் வரைந்த ஒளி வளைகோட்டிலும் (நாள்போக்கில் பிரகாசம் மாறுவதைக் காட்டும் வரைபடம்) அந்த ஏற்ற இறக்கம் இருக்கிறது. ஆனால் நடுநடுவே உச்சிகளைக் காணோம். எக்ஸ்-1 பொங்கி அதை மூழ்கடிக்கிறதா, எக்ஸ்-2 நிஜமாகவே அடங்கிவிடுகிறதா? சந்திரா அளவுகளை வைத்து ஸ்விஃப்ட் பதிவு செய்த ஃபோட்டான் எண்ணிக்கையில் இருவர் பங்கையும் பிரித்த அனுபவம் யாருக்காவது உண்டா? பைத்தான் நிரல் இருந்தால் பகிருங்கள். என் வளைகோட்டையும் தரவையும் அனுப்புகிறேன்.