"இது ஸ்ட்ரிங்கா?" என்று கேட்டால் எல்லாவற்றுக்கும் "இல்லை" என்ற ஃபங்ஷன்

எங்கள் டீமில் ஒரு சின்ன பைத்தான் ஸ்கிரிப்ட் உண்டு. பயனர் கண்ணில் படும் வாசகம் ஏதாவது மொழிபெயர்ப்பு ஃபங்ஷனுக்குள் போகாமல் விட்டுப்போயிருக்கிறதா என்று ஒவ்வொரு கமிட்டிலும் தேடும். பைத்தானோடு வரும் ஏஎஸ்டி மாட்யூலை (கோடின் அமைப்பைப் படித்துத் தருவது) வைத்துக் கோடை மரமாகப் பிரித்து, ஒவ்வொரு நோடையும் (மரத்தின் கணு) நாலைந்து குட்டி ஃபங்ஷன்களிடம் காட்டும். இது ஸ்ட்ரிங்கா (மேற்கோள் குறிக்குள் வரும் வாசகம்)? இது கால்-ஆ (ஃபங்ஷனை அழைக்கும் இடம்)? இது டாக்ஸ்ட்ரிங்கா (ஃபங்ஷனின் தொடக்கத்தில் எழுதும் விளக்கம்)? எல்லாமே இரண்டு மூன்று வரிதான். எழுதியது நான், அதனால் யாரையும் திட்ட வழியில்லை.

பைத்தான் 3.7-லிருந்து 3.8-க்கு மாறினோம். ஸ்கிரிப்ட் பச்சை காட்டியது. அடுத்த நாளும் பச்சை. பசங்க திருந்திவிட்டார்கள் என்று எனக்குக் கொஞ்சம் பெருமிதம் வேறு. மூன்றாவது வாரம் டெஸ்டிங் அக்கா ஒரு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினார். முழுக்கத் தமிழில் இருக்கும் பக்கம், நடுவில் ஆங்கிலத்தில் ஒரு எரர் வாசகம்.

மரத்தை டம்ப் செய்து பார்த்தேன். 'ஸ்டிர்' என்று நோடு இருக்க வேண்டிய இடமெல்லாம் 'கான்ஸ்டன்ட்'. 3.8-லிருந்து ஸ்ட்ரிங், எண், பைட்ஸ், ட்ரூ, நன் (மதிப்பு இல்லை என்பது) எல்லாவற்றையும், கோடைப் பிரிக்கும் பார்சர் அந்த ஒரே நோடாகத்தான் தருகிறது. பழைய கோடு உடையக்கூடாது என்று ஐஸ்இன்ஸ்டன்ஸ் (இது இந்த வகையா என்று கேட்கும் ஃபங்ஷன்) வைத்துக் கேட்பவர்களுக்கு மட்டும் பழைய பெயரும் செல்லும்படி விட்டிருந்தார்கள். நானோ நோடின் கிளாஸ் பெயரை எடுத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டிருந்தேன். அது எரர் போடாது, வார்னிங் தராது. "இல்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விடும். (ஐஸ்இன்ஸ்டன்ஸ் போட்டவர்களும் தப்பவில்லை. 3.12-ல் வார்னிங் வந்தது, 3.14-ல் பழைய பெயர்களையே எடுத்துவிட்டார்கள்.)

சரி, கான்ஸ்டன்டா, உள்ளே இருக்கும் மதிப்பு ஸ்ட்ரிங்கா என்று இரண்டையும் பார்க்கும்படி மாற்றினேன். அதே சூட்டில், பெயர் வைக்காமல் நேரடியாக எழுதிய எண்களைப் பிடிக்கும் "இது எண்ணா?" ஃபங்ஷனையும் மாற்றியதுதான் தப்பு. பைத்தானில் ட்ரூவும் ஃபால்ஸும் (பூலியன்கள்) இன்ட் என்ற முழு எண் வகையின் பிள்ளைகள். அன்று மாலைக்குள் ட்ரூ என்று எழுதிய வரிகளெல்லாம் "பெயர் வைக்காத எண்" என்று சிவப்பில் வந்து நின்றன. பூலியனா என்று முதலில் கேட்டு விலக்கிவிட்டுத்தான் எண்ணா என்று கேட்க வேண்டும். இதில் -1 தனிக் கூத்து. அது எண்ணே இல்லை, 1-க்கு மேல் உட்கார்ந்திருக்கும் யூனரி ஆப், அதாவது ஒற்றை மதிப்பின் மேல் வரும் குறி.

வேறு யாருக்காவது இப்படி நடந்ததா?

* * *

நடந்தது அண்ணா. எங்களிடம் "எல்லா ஃபங்ஷனுக்கும் டாக்ஸ்ட்ரிங் வேண்டும்" என்று ஒரு விதி. ஃபங்ஷன்டெஃப் நோடா என்று மட்டும் கேட்டிருந்தோம். அசிங்க் டெஃப் (காத்திருந்து தொடரக்கூடிய ஃபங்ஷனை எழுதும் முறை) வேறு நோடு, ஃபங்ஷன்டெஃப்புக்கு வாரிசும் கிடையாது. டாக்ஸ்ட்ரிங் எழுதச் சோம்பல்பட்ட ஒருத்தன் அதைக் கண்டுபிடித்து, தேவையே இல்லாத இடத்திலும் அசிங்க் போட்டுக்கொண்டிருந்தான். ரிவ்யூவில் நான் பிடித்தபோது சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டான்.

* * *

ஜாவாஸ்கிரிப்ட் பக்கமும் இதே கதைதான். இஎஸ்லின்ட் (கோடில் தப்பு தேடும் டூல்) பயன்படுத்தும் இஎஸ்ட்ரீ என்ற மர வடிவத்தில் ஸ்ட்ரிங்கும் எண்ணும் 'லிட்டரல்' என்ற ஒரே நோடு. பேபலில் (கோடை வேறு வடிவத்துக்கு மாற்றித் தரும் டூல்) ஸ்ட்ரிங்லிட்டரல், நியூமெரிக்லிட்டரல் என்று தனித்தனி. இஎஸ்லின்ட் விதிக்காக எழுதிய ஹெல்ப்பரை அப்படியே பேபல் பிளகினுக்குள் ஒட்டினேன். ஒரு நாள் முழுக்க ஒன்றுமே சிக்கவில்லை. பேபல் தன் டைப்ஸ் பேக்கேஜில் இதற்கெல்லாம் ஆயத்த ஃபங்ஷன்கள் தருகிறது என்பது அப்புறம்தான் தெரிந்தது.

* * *

வகை சரியாக வந்தாலும் இடம் தப்பும். தமிழ் ஸ்ட்ரிங் இருக்கும் வரியில், அதற்குப் பின்னால் வரும் நோடை அடிக்கோடிட்டுக் காட்டும் டூல் எழுதினேன். அடிக்கோடு எங்கேயோ வலப்பக்கம் ஓடிப் போய் நின்றது. பைத்தான் தரும் கால்ஆஃப்செட் (வரியில் நோடு தொடங்கும் இடம்), எழுத்துக் கணக்கில்லை, யுடிஎஃப்-8 பைட் கணக்கு. 'வணக்கம்' நம் கண்ணுக்கு 5 எழுத்து, நீளம் சொல்லும் லென்-ஐக் கேட்டால் புள்ளிகளையும் எண்ணி 7, கால்ஆஃப்செட்டில் 21. ஆங்கிலத்தில் மட்டும் டெஸ்ட் எழுதினால் இது கண்ணிலேயே படாது.

* * *

பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி. அசிங்க் விஷயத்தைப் படித்ததும் எங்கள் ஸ்கிரிப்டைத் திறந்து பார்த்தேன். இருந்தது, அதே ஓட்டை. இப்போது ஒவ்வொரு குட்டி ஃபங்ஷனுக்கும் "ஆமாம்" வந்தே தீர வேண்டிய ஒரு வரிக் கோடை டெஸ்டில் வைத்திருக்கிறேன். அதில் ஒன்று 'வணக்கம்'. எஃப்-ஸ்ட்ரிங்கை (நடுவில் மதிப்புகளைச் செருகும் ஸ்ட்ரிங்) மட்டும் இன்னும் தொடவில்லை. அது ஜாயின்ட்ஸ்டிர் என்று தனியாக வருகிறது, உள்ளே துண்டு துண்டாகக் கான்ஸ்டன்ட்கள். அதை ஸ்ட்ரிங் என்று சொல்வதா வேண்டாமா என்று டீமில் இன்னும் சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது.