ரக்னரொக்: அந்தியா, ஊழா?

அன்பர்களுக்கு வணக்கம்.

வட ஐரோப்பியரின் நார்ஸ் தொன்மத்தில் தேவர்கள் மாண்டு உலகம் அழியும் இறுதிப்போரைக் குறிக்கும் ரக்னரொக் என்னும் சொல்லுக்குத் தமிழாக்கமாகத் ‘தேவர்களின் அந்தி’ என முன்மொழியப்பட்டிருப்பதைக் கண்டேன். சொல் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது மூலச்சொல்லின் பொருள் அன்று என்பதே என் தயக்கம்.

பழைய நார்ஸ் மொழியில் ‘ரொக்’ என்பது விதியையும் முடிவையும் குறிக்கும். ‘ரொக்கர்’ என்பதே அந்தி. ஐஸ்லாந்தின் பழம்பாடல்களில் பெரும்பாலும் காணப்படுவது முதல் வடிவம். லோகசென்னா பாடலில் ஓரிடத்தில் வரும் இரண்டாம் வடிவத்தை, 1220-ஐ ஒட்டி நார்ஸ் தொன்மக் கதைகளைச் சொல்லும் ‘உரைநடை எட்டா’ என்னும் நூலை எழுதிய ஐஸ்லாந்தவர் ஸ்நோரி ஸ்துர்லுசன் எடுத்தாண்டார். 1876-இல் ஜெர்மானிய இசையமைப்பாளர் வாக்னரின் ‘தேவர்களின் அந்தி’ என்னும் இசைநாடகம் அரங்கேறிய பின் அந்தி என்ற பொருளே எங்கும் பரவிவிட்டது. அந்தப் பிறழ்ச்சியை நாமும் சுமக்க வேண்டியதில்லை.

‘ரொக்’ என்பதற்கு நம்மிடம் ‘ஊழ்’ இருக்கிறது. சூழ்ந்து தடுத்தாலும் முந்திக்கொண்டு வந்து நிற்பது ஊழ் என்கிறது குறள். தேவர்களின் தலைவனான ஓதினின் கதையே அதுதான்: முடிவை முன்னரே அறிந்தவன், களத்தில் மாண்ட வீரர்களை வல்ஹல்லா என்னும் தன் மண்டபத்தில் திரட்டுகிறான், பூனையின் காலடியோசை, மீனின் மூச்சு முதலியவற்றால் குள்ளர்கள் திரித்த கயிற்றைக்கொண்டு ஃபென்ரிர் என்னும் ஓநாயைத் தேவர்கள் கட்டிப்போடுகிறார்கள், இறுதியில் அதே ஓநாய் அவனை விழுங்குகிறது. இடித்தேவனான தோர் கடல்பாம்பைக் கொன்றபின் ஒன்பது அடி நடந்து, அதன் நஞ்சால் சாய்கிறான். ‘பிரளயம்’ இங்கே பொருந்தாது. அதில் உலகம் ஒடுங்கினாலும் கடவுள் எஞ்சுகிறார். ‘ஊழி’ சற்று நெருங்கி வந்தாலும் காலத்தையே முதன்மையாகச் சுட்டுகிறது.

சொல்லின் முற்பகுதியான ‘ரக்ன’ என்பதில்தான் எனக்கு நெடுநாள் குழப்பம் இருந்தது. ‘அமரர்’ என்று சொல்லவே முடியாது. இதுன் என்னும் தேவி தரும் ஆப்பிளை உண்டு இளமையைக் காத்துக்கொள்பவர்கள், கடைசியில் களத்தில் மடிகிறவர்கள், எப்படி அமரர் ஆவார்கள்? ‘தேவர்’ தவறில்லை என்றாலும் ‘ரக்ன’ என்பதன் அடிச்சொல்லான ‘ரெகின்’ ஆளும் ஆற்றல்களைக் குறிப்பது. உலகின் தோற்றத்தையும் முடிவையும் பாடும் வொலுஸ்பா பாடலில் அவர்கள் தீர்ப்பிருக்கைகளில் அமர்ந்து கலந்தாய்வது மீண்டும் மீண்டும் வருகிறது. தெய்வத்தையும் அரசையும் ஒருசேரச் சுட்டும் தமிழ்ச்சொல் ‘இறை’. குறளில் ஊழ் அதிகாரத்தை அடுத்து வரும் இறைமாட்சியில் இறை என்பது அரசன்தானே.

ஆகவே ‘இறையோர் ஊழ்’ என்பது என் பரிந்துரை. ‘இறையூழ்’ எனச் சுருக்கினால் இறைவன் வகுத்த ஊழ் என்று படிப்பவர் கொள்ளக்கூடும் என்பதால், பன்மை விகுதியை விட்டுவிடக் கூடாது. அந்தி என்ற சொல்லில் இருள் மட்டுமே எஞ்சுகிறது; வொலுஸ்பாவிலோ கடலில் மூழ்கிய நிலம் பசுமையாக மீண்டெழ, தேவர்கள் முன்பு ஆடிய பொற்காய்கள் புல்லிடையே கிடைக்கின்றன. ஊழ் அந்தக் காட்சிக்கும் இடம் தருகிறது.

இதையொட்டி இன்னொரு சொல்லையும் முடிவுசெய்ய வேண்டும்: ரக்னரொக்குக்கு முன் இடையில் வேனிலே வராமல் தொடரும் மூன்று பனிக்காலங்களான ஃபிம்புல்வெத்ர். ‘கூதிர்’ என்றால் நம் காதில் மழை கேட்கிறது என்பதால் ‘பெரும்பனி’ என்று எழுதிவருகிறேன். இதைவிடச் செறிவான சொல் தோன்றினால் தெரிவிக்க வேண்டுகிறேன்.