சோவும் துக்ளக்கும்: உங்கள் அனுபவம் என்ன?

கடைக்காரர் மகன்:
கும்பகோணத்தில் அப்பாவுக்குப் பத்திரிகைக் கடை. சோ ராமசாமி நடத்திய அரசியல் பத்திரிகை துக்ளக். அதன் கட்டு வந்ததும் தேடி வருபவர்கள் இரண்டு பேர். ஒருவர் நெற்றி நிறைய விபூதி பூசிய வக்கீல். இன்னொருவர் கருப்புச் சட்டை போட்ட திராவிடர் கழகக்காரர். "என்ன எழுதியிருக்கார்னு தெரிஞ்சாத்தானே திட்ட முடியும்" என்பார். காசு கொடுத்துத்தான் வாங்குவார், அதையும் சொல்லிவிட வேண்டும்.

1970 பொங்கலுக்கு வந்த முதல் இதழின் அட்டையில் இரண்டு கழுதைகள். அப்பா அதை ரொம்ப நாள் பத்திரமாக வைத்திருந்தார். மறு வருஷம் சேலத்தில் பெரியாரின் திராவிடர் கழகம் நடத்திய ஊர்வலத்தின் படங்களைப் போட்டதற்காக இதழைப் பறிமுதல் செய்தார்கள். அரசாங்கமே விளம்பரம் செய்து கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. முன்பின் தெரியாதவர்களெல்லாம் வந்து, ஒரு பிரதி ஒளித்து வைத்திருக்கிறாயா என்று கேட்டார்களாம். நெருக்கடி நிலையும் பத்திரிகைத் தணிக்கையும் வந்தபோது நான் ஆறாம் வகுப்பு. கட்டைப் பிரித்தால் அட்டை முழுக்கக் கருப்பு. அச்சுக் கோளாறு, ரிட்டர்ன் போட்டுவிடலாம் என்றேன். அப்பா ஒன்றும் பேசாமல் கட்டை எடுத்துக் கல்லாவுக்குப் பின்னால் வைத்தார்.

பின்வரிசை:
துக்ளக்கின் ஜனவரி 14 ஆண்டு விழாவுக்குச் சில தடவை போயிருக்கிறேன். மாலை, பொன்னாடையெல்லாம் எனக்கு ஞாபகமில்லை. வாசகர்கள் எழுந்து கேள்வி கேட்பதும் சோ மேடையிலேயே பதில் சொல்வதும்தான் விழா. அவருக்குள் இருந்த வக்கீல், நாடகக்காரர் இரண்டு பேரும் அந்தப் பதிலில் இருப்பார்கள். 2012-இல் குஜராத் முதல்வராக இருந்த மோடி வந்திருந்தார். ஒரு வாரப் பத்திரிகையின் விழாவுக்கு! 1996-இல் ஜெயலலிதாவை எதிர்த்து தி.மு.க.–த.மா.கா. (தமிழ் மாநில காங்கிரஸ்) கூட்டணி அமையப் பாடுபட்ட சோ, பிறகு அதே ஜெயலலிதாவை ஆதரித்தார். எனக்கு அது கடைசிவரை ஜீரணமாகவில்லை.

மாம்பலம் பெண்:
எங்கள் வீட்டில் வாரம் தவறாமல் வரும். அரசியல் எழுதினால் ரசிப்பேன், பெண்களைப் பற்றி எழுதினால் பற்றிக்கொண்டு வரும். கேள்வி–பதில் பகுதிக்கு மூன்று கார்டு எழுதினேன். மூன்றையும் நானே கிழித்துவிட்டேன். என்னை வைத்தே ஒரு ஜோக் அடித்துவிடுவார், அண்ணன் அதை வீடு முழுக்கப் படித்துக் காட்டுவான் என்ற பயம். 2016 டிசம்பர் 5-இல் ஜெயலலிதா போனார், 7-இல் இவர். சரி, இனி யாருக்குக் கார்டு எழுதுவது என்றுதான் தோன்றியது.

கடைக்காரர் மகன்:
அனுப்பியிருக்கலாம் சகோதரி. எங்கள் கருப்புச் சட்டைக்காரர் கடை வாசலிலேயே நின்று எழுதுவார். அப்பாவின் பேனாவைத்தான் வாங்குவார். அது மட்டும் திரும்பி வராது.