ஜூலை லீவுக்கு ஜோபர்க்ல இருந்து டர்பன் போறோம், ஊரும் பாக்கணும் சொந்தக்காரங்களையும் பாக்கணும், எப்படி பிளான் பண்றது?

மாயவரத்து மருமகள்:

எல்லாருக்கும் வணக்கம். நாங்க தென்னாப்பிரிக்கால ஜோபர்க் (ஜோகன்னஸ்பர்க்) பக்கம் மிட்ரேண்ட்ல இருக்கோம். மாமனாரும் மாமியாரும் ஊர்ல இருந்து வந்திருக்காங்க, பசங்களுக்கு ஜூன் கடைசில இருந்து குளிர்கால லீவு. என் வீட்டுக்காரரோட அண்ணன் டர்பன்ல செட்டில் ஆனவர், அங்கயே பொறந்து வளர்ந்த தமிழ்ப் பொண்ண கல்யாணம் பண்ணிக்கிட்டு சாட்ஸ்வர்த்ல இருக்காரு. அத்தைக்கு மூத்த பிள்ளை வீட்ல போய் இருக்கணும்னு ரொம்ப நாள் ஆசை, அந்த பேரப்பிள்ளைங்கள போட்டோலதான் பாத்திருக்காங்க. ஆனா இவ்ளோ தூரம் வந்த பெரியவங்கள வீட்லயே உக்கார வச்சா நல்லா இருக்காது, ஜோபர்க்லயும் டர்பன்லயும் நாலு இடம் காட்டணும்னு எனக்கு இருக்கு. இவரு என்னடான்னா லீவு ஆரம்பிச்ச உடனே கிளம்பி பீச் பக்கத்துல ஹோட்டல் போட்டுக்கலாம், அண்ணன் வீட்டுக்கு ஒரு நாள் சாப்பாட்டுக்கு போனா போதும்ங்கறாரு. எனக்கு அது சரியா படல. மாமாவுக்கு எழுபது தாண்டியாச்சு, அத்தைக்கு முட்டி வலி, ரொம்ப நடக்க முடியாது. கார்லதான் போறோம். எப்ப போனா நல்லது, எங்க தங்கலாம், போயிட்டு வந்தவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

ஹைவெல்ட் தமிழன்:

சகோதரி, டர்பன் பத்தி மத்தவங்க சொல்லுவாங்க, நான் ஜோபர்க் பத்தி மட்டும் சொல்றேன். மொதல்ல குளிரு. நம்ம ஊரு கடல் மட்டத்துல இருந்து 1,700 மீட்டருக்கு மேல இருக்கு, பகல்ல வெயில் நல்லா அடிக்கும், ஆனா பொழுது சாஞ்சா ஜூலைல சைபர் கிட்ட போயிடும், இங்க வீடுங்க குளிருக்குன்னு கட்டினதில்ல, வெளிய விட உள்ளதான் ஜாஸ்தி குளிரும். பெரியவங்க படுக்கைக்கு எலக்ட்ரிக் போர்வை, சுடுதண்ணி பை ரெண்டும் வாங்கிடுங்க. சுத்திப் பாக்கறதெல்லாம் காலைல பத்துல இருந்து மூணு மணிக்குள்ள வச்சுக்கோங்க.

எங்க போறதுன்னு கேட்டா, மாயவரத்துக்காரங்கள கூட்டிட்டு போக வேண்டிய மொத இடம் பிராம்ஃபொன்டைன் கல்லறைதான். தில்லையாடி வள்ளியம்மை அங்கதான் இருக்காங்க. அவங்க குடும்பத்து பூர்வீகம் தில்லையாடி, உங்க மாமனார் ஊர்ல இருந்து தரங்கம்பாடி போற பக்கம், அவருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. சென்னைல எழும்பூர் கோ-ஆப்டெக்ஸ் கட்டடத்துல அந்தப் பேர பாத்திருப்பாரு, ஆனா அந்தப் பொண்ணு பொறந்ததும் இந்த ஜோபர்க்ல, அடக்கம் பண்ணதும் இங்கதான்னு ஊர்ல நிறைய பேருக்கு தெரியாது. காந்தி இங்க நடத்துன 1913 சத்தியாகிரகத்துல கைதாகி மாரிட்ஸ்பர்க் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்) ஜெயில்ல இருந்து காய்ச்சலோட வெளிய வந்து 1914 பிப்ரவரி 22ல இறந்துட்டாங்க, பதினாறு வயசு. அந்த வருஷம் ஜூலைல, காந்தி இந்த நாட்ட விட்டு கிளம்பறதுக்கு கொஞ்ச நாள் முன்னாடி, வள்ளியம்மைக்கும், அதுக்கு முன்னாடியே 1909ல சத்தியாகிரகத்துல உயிர விட்ட நாகப்பனுக்கும் வச்ச நினைவுக்கல்ல அவரே வந்து தொறந்து வச்சாரு. ரெண்டு பேரும் தமிழ்ப் பிள்ளைங்க, ரெண்டு பேரும் அந்த ஒரே இடத்துல. என் அப்பா வந்தப்போ கூட்டிட்டு போனேன், ரொம்ப நேரம் பேசாம நின்னாரு, அப்புறம் வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் அத பத்தியேதான் பேசினாரு. பூ எடுத்துட்டு போங்க. பெரிய இடம், வாசல்ல ஆபிஸ்ல கேட்டு போங்க, தனியா போகாதீங்க, நாலஞ்சு பேரா பகல்ல போங்க.

அங்க இருந்து கான்ஸ்டிட்யூஷன் ஹில் பக்கம்தான், காந்தியும் மண்டேலாவும் அடைபட்டு இருந்த பழைய ஜெயிலு, இப்ப நாட்டோட அரசியல் சாசன கோர்ட்டே அதே வளாகத்துல இருக்கு. அபார்தைட் (இனவெறி ஆட்சி) மியூசியம் பசங்களுக்கு நல்லது ஆனா ரொம்ப நடக்கணும், அத்தைக்கு வீல்சேர் இருக்கான்னு கேட்டுட்டு போங்க. மண்டேலா வீடு இருக்கற சோவெட்டோ விலகாசி தெருவ கார்ல இருந்தே பாத்துக்கலாம். ஜோபர்க்குக்கு இவ்ளோ போதும், மாலுக்கெல்லாம் கூட்டிட்டு போய் நேரத்த வீணாக்காதீங்க.

டர்பன்வாசி:

நான் வேலைக்கு வந்து டர்பன்லயே தங்கிட்டவன். லீவு ஆரம்பிச்ச உடனே வராதீங்க, இத அழுத்தி சொல்றேன். ஜூலை மொத சனிக்கிழமை கிரேவில்ல டர்பன் ஜூலை குதிரைப் பந்தயம், நாடே இங்க வந்து நிக்கும், ஹோட்டல் ரேட்டு தாறுமாறா இருக்கும், பீச் பக்கம் கார் நிறுத்த இடம் கெடைக்காது. ரெண்டு வாரம் தள்ளி வந்தா ஊரு அமைதியா இருக்கும்.

வெயில் விஷயத்துல கவலையே வேணாம், குளிர்காலத்துலதான் டர்பன் நல்லா இருக்கும், பகல்ல இருபத்திரெண்டு இருபத்திமூணு டிகிரி, மழையும் கம்மி, ராத்திரிக்கு ஒரு ஸ்வெட்டர் போதும். முட்டி வலிக்காரங்களுக்கு கடலோரத்து கோல்டன் மைல் நடைபாதை நல்ல சமதளம், உக்கார பெஞ்சு இருக்கு. பசங்க கடல்ல எறங்கணும்னு சொன்னா அன்னிக்கு லைஃப்கார்ட கேட்டுட்டு எறக்குங்க, ஏன்னா மத்தி மீன் கூட்டம் கரையோரமா வர்ற சீசன் இது, அது வந்தா பின்னாடியே சுறாவும் வரும், சுறா வலையெல்லாம் எடுத்துடுவாங்க, குளிக்க விட மாட்டாங்க. ஆனா மீன் கரைக்கு வர்ற அன்னிக்கு பாக்கற குடுப்பினை இருந்தா விட்றாதீங்க, வலை இழுக்கறவங்களும் கூடையோட ஓடி வர்ற ஜனமும், பசங்க மறக்க மாட்டாங்க.

ரோடு: என்3 ஹைவே மொத்தம் ஐநூத்தி எழுபது கிலோமீட்டர் கிட்ட. ஹாரிஸ்மித்ல நிறுத்தி சாப்பிட்டு வான் ரீனன் மலைய நல்ல வெளிச்சத்துல எறங்குங்க, பனிமூட்டமும் லாரியும் ஜாஸ்தி. 2024 செப்டம்பர்ல பனி கொட்டி அங்க வண்டிங்க ராத்திரி முழுக்க மாட்டிக்கிட்டது ஞாபகம் இருக்கும், அதனால கிளம்பற அன்னிக்கு ரோடு நிலவரம் பாத்துட்டு கிளம்புங்க, வண்டில போர்வையும் ஃப்ளாஸ்க்ல சுடுதண்ணியும் இருக்கட்டும். டர்பன்ல அஞ்சே காலுக்கெல்லாம் இருட்டிடும், விடிஞ்ச உடனே கிளம்பினாதான் சரி. வழியில ஹோவிக்ல ஒரு எறக்கம் போடுங்க, 1962 ஆகஸ்ட் 5ல மண்டேலாவ பிடிச்ச இடம், அம்பது இரும்புத் தூணு நட்டு வச்சிருக்காங்க, ஒரு குறிப்பிட்ட இடத்துல இருந்து பாத்தா மட்டும் அவர் முகம் தெரியும். அடுத்து மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷன், 1893 ஜூன் 7 ராத்திரி காந்திய ரயில்ல இருந்து எறக்கி விட்டது அங்க. மேல தம்பி சொன்ன வள்ளியம்மை ஜெயில்ல இருந்ததும் இதே ஊருதான். ஜோபர்க்ல கல்லறைய பாத்துட்டு வந்தா இந்த வழி பூரா உங்க மாமனாருக்கு பேச விஷயம் இருக்கும்.

சாட்ஸ்வர்த் பொண்ணு:

அக்கா, நான் டர்பன்ல பொறந்தவ, எங்க ஆயாவோட தாத்தா வட ஆற்காட்ல இருந்து கரும்புத் தோட்டத்துக்கு வந்தவரு. தமிழ் நான் பெரியவளானப்புறம் கத்துக்கிட்டது, தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க.

ஹோட்டல் வேணவே வேணாம். எங்க ஆளுங்களுக்கு ஊர்ல இருந்து மாமியார் வந்து ஹோட்டல்ல தங்கினாங்கன்னா அது பெரிய வருத்தம், வெளிய சொல்ல மாட்டாங்க, மனசுல வச்சுப்பாங்க. மருமக வீடு எப்படியும் ஒரு வாரமா தயாராயிட்டு இருக்கும். கட்டாயம் கடல் பக்கம் தங்கணும்னா கடைசி ஒரு ராத்திரி எல்லாருமா சேர்ந்து போங்க, அண்ணன் குடும்பத்தையும் கூட்டிட்டு.

தேதிக்கு இன்னொரு காரணம் சொல்றேன். ஜூலை பாதிக்கு மேல ஆடி பொறக்குது. இங்க மாரியம்மனுக்கு கூழ் ஊத்தறது ஒரு மாசம் நடக்கும், கோயில்லயும் வீட்லயும், ஞாயித்துக்கிழமைன்னா தெருவுக்கு ஒரு வீட்லயாவது அடுப்பு எரியும். தமிழே பேசத் தெரியாத வீட்லயும் கூழ் காய்ச்சி வேப்பிலை கட்டி அம்மனுக்கு படைப்பாங்க. நூத்தி அறுபது வருஷத்துக்கும் மேல ஆச்சு நாங்க வந்து, பாஷை போச்சு நெறைய பேருக்கு, இது போகல. உங்க அத்தை அந்த அடுப்பு பக்கத்துல ஒரு நாள் உக்காந்தா போதும், மருமகளும் மாமியாரும் பேச பாஷை பத்தலன்னாலும் வேலை செய்யறப்போ சேர்ந்துப்பாங்க. இத நான் எங்க வீட்லயே பாத்திருக்கேன்.

கோயில்னா உம்கேனி ரோட்ல வைத்தியநாத ஈஸ்வரர் ஆலயம், வைத்தீஸ்வரன் கோயில் பக்கத்து ஊர்க்காரங்களுக்கு வேற சொல்லணுமா. அப்புறம் மவுன்ட் எட்ஜ்கோம்ப் விநாயகர் கோயில், 1898ல கட்டினது, கரும்புத் தோட்ட கூலிக்காரங்களுக்கு நடுவுல எழும்பின கோயிலு. எங்க ஆளுங்கள 1860 நவம்பர் 16ல ட்ரூரோ கப்பல் கொண்டு வந்து எறக்குச்சு, 1911 வரைக்கும் மொத்தம் 1,52,184 பேரு, அதுல பெரும்பங்கு மெட்ராஸ்ல கப்பல் ஏறினவங்க. ஒவ்வொருத்தருக்கும் ஒரு நம்பரு, பேரு, அப்பா பேரு, ஜில்லா, கிராமம் எல்லாம் பதிவு இருக்கு. ஊருக்குள்ள டெர்பி ஸ்ட்ரீட்ல 1860 ஹெரிடேஜ் சென்டர் இருக்கு, போய் பாருங்க. உங்க ஓரகத்தி வீட்ல பழைய பேப்பர் இருந்தா அந்த நம்பர தேடச் சொல்லுங்க.

மாயவரத்து மருமகள்:

ரொம்ப நன்றி எல்லாருக்கும். இவர்கிட்ட படிச்சுக் காட்டினேன், குதிரைப் பந்தயம்னு கேட்டதும் தேதிய தள்ள ஒத்துக்கிட்டாரு. இப்ப முடிவு என்னன்னா, லீவு மொத பாதி ஜோபர்க், பிராம்ஃபொன்டைன் இந்த சனிக்கிழமையே போறோம், மாமா வள்ளியம்மை பேர கேட்டதுல இருந்து கிளம்பலாம் கிளம்பலாம்ங்கறாரு. ஆடி பொறக்கறப்போ டர்பன், தங்கறது அண்ணன் வீட்லதான். அத்தை கூழுக்கு கேழ்வரகு மாவு எடுத்துட்டு வரணுமான்னு கேக்கறாங்க, அங்க கெடைக்குமா?

சாட்ஸ்வர்த் பொண்ணு:

இங்க வீட்டுக்கு வீடு மாறும் அக்கா, சில பேரு மக்காச்சோள மாவுலதான் காய்ச்சறாங்க, அதனால ஓரகத்திகிட்ட போன் பண்ணி அவங்க வீட்டு வழக்கம் என்னன்னு கேட்டுட்டு எடுத்துட்டு வாங்க. அத்தையையே பேசச் சொல்லுங்க. இன்னொன்னு, அந்த கப்பல் பேப்பர்ல கிராமத்து பேர அந்தக் காலத்து கிளார்க் காதுல விழுந்த மாதிரி எழுதி வச்சிருப்பாரு, எங்களால கண்டுபிடிக்கவே முடியாது. உங்க மாமாவ ஒரு மத்தியானம் அத வச்சுக்கிட்டு உக்காரச் சொல்லுங்க, தஞ்சாவூர் ஜில்லா பேருன்னா அவருக்கு பிடிபட்டுடும்.